அவசரத்துக்கு ஒரு கார்

கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற தவறான கருத்து உலகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அதைத் திருத்தி, கார் ஓரிடத்திலேயே இருப்பதற்காகத்தான் என்று நிலைநாட்டிய பெருமை மேடவாக்கம் கிட்டுவையே சேரும். இதை அவர் மனைவி அபிதகுஜாம்பாளும் ஒப்புக்கொள்வாள். அந்தச் சாதனையைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள்தானே.

கிட்டு பணி ஓய்வு பெற்றபோது வாங்கிய கார் அது. வாங்கிய கையோடு, "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தங்கள் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தி, கவர் போட்டு மூடினார். ஆயுத பூஜைக்கு மட்டும் கவர் விலகும். சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் வைப்பார்கள். பழம் நசுங்காது. சாயங்காலம் அபிதா அதை எடுத்து ரசத்தில் பிழிந்துவிடுவாள்.

இடையில் சில சம்பவங்கள் 'அவசரம்' என்ற தகுதி கோரி விண்ணப்பித்தன. மகள் ஸ்ம்ருதியின் பிரசவம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, தேதி முன்கூட்டியே தெரிந்த காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. அபிதா குளியலறையில் வழுக்கி முழங்கால் பிசகியபோது கிட்டு நேரில் வந்து ஆய்வு செய்தார். பேச்சு தெளிவாக வந்தது. திட்டுகூட வந்தது. ஆகவே ஆட்டோ பிடித்தார்.

இப்படியிருக்க, வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானது. 'மேட'வாக்கம் என்று பெயரிலேயே மேடு இருந்தாலும், மழைத்தண்ணீர் பெயர்ப் பலகை படிப்பதில்லை. எனவே அடுக்ககவாசிகள் வழக்கப்படி ஆளுக்கொரு காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு யாத்திரை கிளம்பினார்கள். கார்கள் மேலேயும் மனிதர்கள் கீழேயும் மழையைக் கழிப்பது தென்சென்னையின் நவீன நாகரிகம்.

அபிதாவுக்கு அந்த நாகரிகம் அத்துப்படி. கார் வாங்குவதற்கு முன்பு வந்த வெள்ளத்தில் கட்டில்மேல் உட்கார்ந்து, தன் மிக்ஸி கூடத்திலிருந்து சமையலறைக்கு மிதந்து போனதைப் பார்த்தவள். இந்த முழங்காலோடு மறுபடி கட்டில் ஏற முடியாது. தண்ணீர் வாசப்படி ஏறுவதற்குள் தாம்பரத்தில் ஸ்ம்ருதியின் மூன்றாவது மாடிக்குப் போய்விட வேண்டும். ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கார் கிளம்ப வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டாள்.

அனகாபுத்தூர் மெக்கானிக் லாசரஸ் தன் 'குட்டியானை' மினி லாரியில் வந்து இறங்கினான். கவரை விலக்கி, பானெட்டைத் திறந்து, மரியாதையாக ஓரடி பின்வாங்கினான்.

"சார், இது காரு இல்ல. எலிங்க வூடு. ஒயரு அல்லாத்தையும் துன்னுட்டு, குடும்பத்தோட குந்தினு கீதுங்க."

குடியிருந்தவை வெளியேற்றப்பட்டன. கெட்டுப்போன பெட்ரோல் இறக்கப்பட்டு, புதிது ஊற்றப்பட்டது. சக்கரங்களுக்குக் காற்று, அறுந்த ஒயர்களுக்கு டேப். பிறகு லாசரஸ் தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தான். கிட்டு கண்களை மூடிச் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பியதற்கு, "சொன்னதைத்தான் திரும்பச் சொல்ல முடியும்" என்பதுபோல அதே 'டிக்'.

தள்ளித்தான் பார்க்க வேண்டும் என்றான் லாசரஸ். அடுக்ககச் சங்கச் செயலாளர் அச்சுதன் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். உறுப்பினரின் காரைத் தள்ளுவது பராமரிப்புப் பணியில் வருமா என்று விரிவாக விவாதிக்கப்பட்டது. முடிவில், காருக்கு 'முழுத் தார்மீக ஆதரவு' வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவில் கைகள் அடங்கவில்லை.

அபிதா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"இப்ப ஏறாதே. வெயிட் ஏறினா இழுக்காது" என்றார் கிட்டு. "நீ பின்னாடி போய் ஒரு கை குடு."

ஆக, லாசரஸும் பிசகிய முழங்காலும் சேர்ந்து தள்ளினார்கள். கார் விக்கியது, இருமியது, கரும்புகை கக்கியது, உயிர் பெற்றது. 'கிளம்பினால் நிறுத்தவே கூடாது' என்று லாசரஸ் முன்பே சொல்லியிருந்தான். அந்த அறிவுரையைக் கிட்டு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். மனைவியைக் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியே கையசைத்தபடி கேட்டைத் தாண்டினார்.

தண்ணீர் தெருவுக்கு வந்தபோது அவரே போன் செய்தார். குரலில் வெற்றிக்களிப்பு.

"அபிதா, பாலத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் இடம் கிடைச்சுடுத்து."

"சந்தோஷம். தண்ணி கேட்டுக்கு வந்துடுத்து. வந்து என்னைத் தாம்பரத்துல கொண்டு விடுங்கோ."

"இப்பவா? வண்டியை எடுத்தா இடம் போயிடுமே."

"அப்ப நான்?"

கிட்டு ஆழ்ந்து யோசித்தார். "நீ கட்டில்மேல ஏறிக்கோ. லாசரஸ்கிட்ட கார் கவரைக் குடுத்தனுப்பு. மழையில பெயின்ட் போயிடும்."

அபிதா கவரை மடித்தாள். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றினாள். மாற்றுப் புடவையோடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, குட்டியானையின் முன்சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தாள். தாம்பரம் வழியாகத்தான் வீட்டுக்குப் போவதாகச் சொன்ன லாசரஸ், "முட்டி பத்திரம்மா" என்று மட்டும் சொன்னான். அன்று முழுவதும் அந்த முழங்காலை விசாரித்தவன் அவன் ஒருவன்தான்.

மேம்பாலத்தில் கிட்டு காருக்குள்ளேயே அமர்ந்திருந்தார். எஞ்சின் அணைந்திருந்தது. இனி அது கிளம்புமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். காபியை ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டு, தான் இறங்கினால் யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்கள், ஆகவே தன்னை உள்ளே வைத்தே கவரைப் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அபிதா மறுக்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடச் சொன்னாள். கவரை விரித்து, நான்கு மூலையிலும் நாடாவை இழுத்துக் கட்டினாள். பையின் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. அதை முன்சக்கரத்தின் கீழே வைத்தாள். அது நசுங்காது என்று அவளுக்குத் தெரியும்.

தாம்பரத்தில் கதவைத் திறந்த ஸ்ம்ருதி அம்மாவின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எங்கேம்மா?"

அபிதா சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பத்திரமா இருக்கார். மேம்பாலத்துல நிறுத்தி, கவர் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். "அவசரத்துக்கு இருக்கட்டும்."