ஆட்சேபணைப் புத்தகத்தில் ஓர் ஆசீர்வாதம்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு, நீ போனைப் பாதியில் வைத்த பிறகும் உனக்குத் தம்பியாகவே நீடித்து வருபவன் வணக்கத்துடன் எழுதுவது.

பொருள்: உன் மருமகளான என் மகளின் திருமணம் முறைப்படி நடந்து முடிந்தது குறித்து.
பார்வை: நேற்றைய உன் தொலைபேசி அழைப்பு, "அதெல்லாம் ஒரு கல்யாணமா" என்ற இடம் வரை.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம்தான் என்பது நேற்றுக் கேட்ட குரலின் கனத்திலேயே தெரிந்தது. அத்தானின் முழங்கால் எப்படி என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாய். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொருளும் பார்வையும் போடாமல் கை ஓடாது, பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். "ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தவங்கள ஜோடியா என் வீட்டுக்குள்ள விடமாட்டேன், முதல்ல ஊரறிய ஒரு கல்யாணம் பண்ணு" என்றாய். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் உன் மருமகள். உன் கையைப் பிடித்து நடக்கப் பழகியவள், ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு உன்னிடம் வருவதற்காகக் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, துணிகளைப் பீரோவில் அடுக்கிவிட்டாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிவில் திருமணம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை அக்கா. சட்டத்தின் முன்னால், அரசாங்க அதிகாரி கேட்டு, சாட்சிகள் பார்த்து, பதிவேட்டில் ஏறும் திருமணம். சடங்கு வேண்டுகிறவர்கள் அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், இரண்டு ஜோடியும் ஒரே மாதிரி புருஷன் பெண்டாட்டிதான். ஆனால் நம் சனங்களுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் என்றாலே பெண் பின்வாசல் வழியாக ஓடினாள் என்று அர்த்தம். மேல்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன். குரலை இறக்கி, "வீட்ல ஒத்துக்கலையா?" என்றார். "வீடே நான்தாம்மா. ஒத்துக்கிட்டுத்தான் பத்திரிகையோட வந்திருக்கேன்" என்றேன். "பாவம், மனசத் தேத்திக்குங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். ஓடுகிறவர்கள் யாராவது முப்பது நாள் முன்னதாகவே பெயர், விலாசம், போட்டோ எல்லாம் அரசாங்கப் பலகையில் ஒட்டிவிட்டா ஓடுவார்கள்?

அந்தப் பலகையில்தான் எனக்கு வினை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போய் நின்று, காணாமல் போன குடைக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே என் பெண் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்பதாம் நாள் மனசு நிறைந்து வழிந்துவிட்டது. எங்கள் ஆபீசில் புத்தகத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை என்பது உனக்குத் தெரியும், அந்தப் பழக்கதோஷத்தில் அங்கிருந்த எழுத்தரிடம், "நாலு வார்த்தை எழுதணும், புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "பொதுமக்கள் எழுதறதுக்கு இது ஒண்ணுதான் சார்" என்று பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒன்றை நீட்டினார். வரிசை எண், தேதி, உறவு, விவரம் என்று கட்டம் கட்டமாக எங்கள் புகார்ப் புத்தகத்தின் கூடப்பிறந்தது போலவே இருந்தது. உருகிப் போனேன். உறவு என்ற கட்டத்தில் "பெண்ணைப் பெற்றவன்" என்று போட்டு, விவரம் கட்டத்தில் ஆரம்பித்த ஆசீர்வாதம் அடுத்த பக்கத்தில் பாதி வரை ஓடியது.

ஒரு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. "பெண்ணின் தந்தை என்ற முறையில் தாங்கள் பதிந்த ஆட்சேபணை எண் ஒன்று விசாரணைக்கு எடுக்கப்பட்டுள்ளது. அனைவரும் நேரில் வரவும். அதுவரை திருமணம் நிறுத்திவைக்கப்படுகிறது."

வீடு என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசி. "இருபத்தெட்டு வருஷத்துல எதையுமே எதிர்க்காத மனுஷன், எதிர்க்கறதுக்கு இதுதானா கிடைச்சுது?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, நிதானமாக என் எதிரில் உட்கார்ந்து, "மாமா, என்கிட்ட என்ன பழுதுன்னு சொல்லுங்க. சரி பண்ண முடியுதான்னு பாக்கறேன்" என்றான். நான் ஆசீர்வாதம் என்கிறேன், அவன் தலையாட்டிக்கொண்டே தபாலை இன்னொரு தரம் படிக்கிறான். அக்கா, அந்தக் குணத்துக்காகவே நீ அவனைப் பார்க்க வேண்டும்.

விசாரணையன்று பதிவாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். "'என் மகள் பிடிவாதக்காரி. அத்தையிடம் வளர்ந்தவள்.' இது ஆட்சேபணையா சார்?"

"பெருமைங்கம்மா."

"'என்னையும் என் மனைவியையும் போல் மாதக்கணக்கில் முறைத்துக்கொள்ளாமல், இவர்கள் சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.'"

"என்னது? யாரு முறைச்சது?" என்று எழுந்தாள் உன் தம்பி பெண்டாட்டி.

"உக்காருங்கம்மா. உங்க ஆட்சேபணைய நீங்க தனியா எழுதிக் குடுக்கணும்."

தெரியாமல் எழுதிவிட்டேன், அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அடிக்க விதி இல்ல சார். எழுதினா நம்பர் விழுந்துரும், நம்பர் விழுந்தா விசாரிச்சுத்தான் முடிக்கணும்" என்றார். இருபத்தாறு வருடமாக நான் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளிருந்து சொல்லி வரும் வசனம், வெளியே நின்று கேட்டால் இவ்வளவு கசக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் "அன்பு மிகுதியால் எழுந்தது எனக் கண்டு முடிக்கப்படுகிறது" என்று எழுதி முத்திரை குத்தினார். பெண் சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

பத்திரிகை அனுப்பியும் நீ வராத அந்தக் கல்யாணம் பதினோரு நிமிடம். ஒரு மேசை, ஏழு நாற்காலி, ஏழு நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரம். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உன் மருமகளின் கண்ணைப் பார்த்து, "உங்க முழுச் சம்மதத்தோடதான் இவரக் கட்டிக்கிறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?" என்று கேட்டார். "ஆமா, முழுச் சம்மதம்" என்று அவள் சொன்ன குரலுக்கு அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. முந்நூறு பேர் கூடிய எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன், அங்கெல்லாம் சாம்பாருக்கு உப்பு போதுமா என்று முந்நூறு பேரையும் கேட்டார்கள், பெண்ணை மட்டும் கேட்டதாக ஞாபகமில்லை.

ஆகவே அக்கா, இது முழுக் கல்யாணம். இதற்கு மேல் மண்டபமும் கிடையாது, மறுகல்யாணமும் கிடையாது. நீ வந்து பார்த்தால்தான் செல்லும் என்பதுமில்லை. உன் தயவு ஒரு துளிகூட இல்லாமலே சட்டப்படி செல்லும். கோர்ட்டுக்கே போனாலும் நான் சளைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

அத்தானின் முழங்காலுக்கு என் தனி வணக்கம். உன் கோபத்துக்கு நீண்ட ஆயுள் வேண்டாம், உனக்கு வேண்டும் என்று விரும்பும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் தம்பி பெண்டாட்டி வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு சட்டம் பேசறீங்களே, நம்ம கல்யாணம் எங்க பதிஞ்சிருக்கு?" என்றாள். பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆல்பம் நம் வீட்டுக் குழாய் வெடித்த வருடம் நனைந்து வெளுத்துப்போனது. ஒரு படத்தில் மட்டும் உன் முழங்கை தெரிகிறது. இன்று காலை பதிவாளர் அம்மாவிடம் ஓடினேன். பதியலாமாம், ஆனால் அன்றைக்கு நேரில் பார்த்த ஒருவர் வந்து, "ஆமா, நடந்தது" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பார்த்தவர்களில் இன்னும் உயிரோடும் என்னோடு பேச்சுவார்த்தையோடும் இருப்பது நீ ஒருத்திதான், அதுவும் நேற்று வரை. எனவே தயவு, துளி, கோர்ட்டு, சளைக்க மாட்டேன் ஆகிய பகுதிகள் முழுவதும் ரத்து. ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் உன்னை அழைத்துப் போக வருகிறார்கள், பை மறுபடி கட்டியாயிற்று. எத்தனை வருடம் கழித்துப் பதிந்தாலும் பெண்டாட்டியிடம் அந்தச் சம்மதக் கேள்வியைக் கேட்பார்களாம். "என்ன சொல்லப் போற?" என்று இவளைக் கேட்டேன். "கேக்க வேண்டியவங்க கேக்கட்டும், அங்க சொல்றேன்" என்கிறாள். காலையிலிருந்து மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள். அக்கா, நீ வந்து என் பக்கத்தில் உட்கார்.