வெப்பமானியின் கொள்ளிக்கண்

அந்த வருடம் வெயில் கொளுத்தியது என்று சொன்னால் அது வெயிலுக்கு அவமரியாதை. நிழல்கூட நிழல் தேடி ஒதுங்கியது. கோழிகள் முட்டையை அவித்தே போட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் குளுகுளு சாமி வந்து இறங்கினார். ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளக் கூடத்தில் கடை விரித்தார். அவர் வாயால் ஊதினால் வெப்பமானியில் சூடு இறங்குமாம். அவ்வளவுதான், ஊரே திரண்டுவிட்டது.

வரிசை கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கச் சந்து வரை நீண்டது. கூடத்து ஏசிகள் இரண்டும் அனலைக் கக்கியதும் அதே சந்தில்தான். பக்தர்கள் இரண்டு மணி நேரம் அதில் வெந்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் சிலிர்த்துப் போனார்கள். "அடேயப்பா, சாமி உட்கார்ந்த இடமே ஜில்லுங்குதே!" ஏசியைக் கும்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், அதற்குத் தாடி இல்லை.

போகும்போது ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே சாமி ஊதிய காற்று. வீட்டில் திறந்தால் அறை குளிரும். குளிராவிட்டால் திறந்தவருக்கு நம்பிக்கை போதவில்லை, இன்னொரு பாட்டில் வாங்க வேண்டும்.

அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் பருவநிலை ஆராய்ச்சி செய்யும் ஒருத்தி குடியிருந்தாள். எதைக் கேட்டாலும் இத்தனை டிகிரி என்று பதில் சொல்வதால் 'டிகிரி அக்கா' என்று பெயர். மொட்டை மாடியில் ஒரு வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானி. விடியுமுன் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை பார்த்து எழுதுவாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. கல்யாணத்தன்றுகூட மாலையோடு மாடியேறி எழுதிவிட்டுத்தான் இறங்கினாள். மாப்பிள்ளை கீழே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருடக் கணக்குச் சேர்ந்தால், கூரைக்கு வெள்ளையடித்து, மரம் நட்டு, மின்சாரம் செலவில்லாமல் இந்தத் தெருவை எவ்வளவு குளிர வைக்கலாம் என்று அடித்துச் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் அவள் நாத்தனார் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணி! சாமி கண்டுபிடிச்சிட்டாரு!"

"எதை?"

"வெயிலுக்குக் காரணத்தை. உங்க பெட்டிதான்!"

"பெட்டியா?"

"பின்னே? தினம் ரெண்டு தடவை வெயிலைப் பார்த்துப் பார்த்து எழுதுறீங்க. கொள்ளிக்கண்ணு படாதா? குழந்தையைத் தினம் எடை போட்டாலே கண்ணு பட்டு இளைச்சிடும்."

"குழந்தை இளைக்கும்னா வெயிலும் இளைக்கணுமேடி?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "அது தெரியல. சாமிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குப் பெட்டியை உடைப்பதென்று முடிவாகிவிட்டது. சுத்தியல்கூட வாங்கியாயிற்று. டிகிரி அக்கா குடியிருப்புச் செயலாளரிடம் ஓடினாள். அவர் முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"சார், படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"படிச்சதாலதாம்மா சொல்றேன். பெட்டி வைக்கிறதுக்கு முந்தி இவ்வளவு சூடு இருந்துச்சா? வெச்சப்புறம் ஏறுச்சா இல்லையா? உன் நோட்டுலயே இருக்கே!"

"நடுவுல காரு நிறுத்த ஏழு மரத்தை வெட்டினீங்களே சார்!"

"மரத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? மரம் என்ன, அளந்துக்கிட்டா இருந்துச்சு?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை. அவள் போய்ச் சந்தில் வரிசையில் நின்றாள். வெந்தாள். கூடத்துக்குள் நுழைந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, சாமியை விட்டுவிட்டு அவருடைய சீடனைக் கவனித்தாள். சுவரில் ஆளுயரப் பலகை, அதில் சிவப்பு எண்கள். பலகையிலிருந்து ஒரு ஒயர், சூட்டை அளக்கும் அதன் நுனியில் சுற்றிய பட்டுத்துணி. சீடன் அந்தத் துணியைத் தீர்த்தத்தில் நனைத்து நீட்ட, சாமி ஊதினார். இருபத்தாறு, பதினேழு ஆயிற்று. கூட்டம் கூத்தாடியது. டிகிரி அக்கா மூக்கை மட்டும் உறிஞ்சிப் பார்த்தாள். ஊசி போடுமுன் நர்ஸ் கையில் பஞ்சால் தடவுவாளே, அந்த வாசனை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. செயலாளர் சுத்தியலோடு நின்றார். டிகிரி அக்கா எழுந்து பணிவாகக் கை கட்டினாள்.

"சாமி, உடைக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு ஆசை. உங்க மூச்சு உசத்தியானது, வீணாக்க வேண்டாம். அதே துணியில நம்ம வாட்ச்மேன் அண்ணன் ஒருதடவை ஊதட்டும்."

சாமி வாயைத் திறப்பதற்குள், சீடன் ஏற்கெனவே நனைத்து வைத்திருந்த துணியில் வாட்ச்மேன் ஊதிவிட்டார். பதினேழு!

அடுத்த நொடி ஒரு அம்மாள் வாட்ச்மேன் காலில் விழுந்தாள்.

"எந்திரிங்கம்மா! நான் இன்னும் பல்லுகூட வெளக்கல!"

டிகிரி அக்கா ஒரு டேபிள் ஃபேனை இழுத்து வந்து துணிக்கு நேராக வைத்தாள். பதினைந்து! சாமியை விட இரண்டு டிகிரி அதிக சக்தி. பின்வரிசையில் ஒருவர் ஃபேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் துணியை அவிழ்த்தெறிந்தாள். நுனியை நன்றாகத் துடைத்தாள். எண் மறுபடி இருபத்தாறுக்கு வந்து நின்றது.

"இப்போ சாமி ஊதட்டும். வாயைப் பக்கத்துல வெச்சு, நல்லா."

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்றால் என்ன ஆவது? சாமி ஊதினார். இருபத்தெட்டு. பதறிப்போய் இன்னும் பலமாக ஊதினார். முப்பத்தொன்று. கண் பிதுங்க ஊதினார். முப்பத்து நாலு!

"ஐயோ சாமி, நிறுத்துங்க! வேகுது!" என்று அலறியது வேறு யாருமில்லை, நாத்தனார்தான்.

"துணியில இருக்கிறது ஸ்பிரிட்," என்றாள் டிகிரி அக்கா. "அது காத்துல பறக்கும்போது சூட்டையும் தூக்கிட்டுப் போகும். யாரு ஊதினாலும் குளிரும், கழுதை ஊதினாலும் குளிரும். வெறும் மூச்சு, உடம்புச் சூடு. அது சூட்டைத்தான் ஏத்தும். சார், இது நீங்க முப்பது வருஷம் நடத்தின பாடம்."

செயலாளர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "அது பரீட்சைக்கு வர்ற கேள்விம்மா. வெளியிலயும் வரும்னு யாரு கண்டா?"

இரண்டு ஏசி ஓடும் கூடத்தில் குளுகுளு சாமிக்குத் தாடி வழியாக வியர்வை ஊற்றியது. "தியானத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்தவர், பின்கதவு வழியாகச் சந்துக்குப் போனார். அதற்குள் சேதி எட்டிவிட, அங்கே வரிசையில் வெந்துகொண்டிருந்தவர்கள், ஆளுக்கொரு காலி பாட்டிலோடு, அவரை அன்போடு சூழ்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் ஊதியதாகத் தகவல் இல்லை.

மணி பன்னிரண்டு. டிகிரி அக்கா மாடிக்கு ஓடினாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்து, பயந்து பயந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு. அண்ணி, நான் பார்த்துட்டேனே, இப்போ ஏறிடுமா?"

"கண்ணெடுக்காம பாரு."

நாத்தனார் இமைக்காமல் பத்து நிமிடம் முறைத்தாள். பாதரசம் அசையவில்லை.

"ஏறலையே!"

"அப்போ எழுதிக்கோ," என்று நோட்டை அவளிடமே நீட்டினாள்.

கீழே எட்டிப் பார்த்தால், வாட்ச்மேன் நாற்காலிக்கு முன்னால் புதிதாக ஒரு வரிசை. நாற்பது பேர், ஆளுக்கொரு பாட்டிலோடு. "அண்ணே, ஒரே ஒரு ஊது!"

வடகத்தைக் காயப்போடுகிறோம், வற்றலைக் காயப்போடுகிறோம். இத்தனை வெயில் வீணாகத்தானே அடிக்கிறது? மண்டைக்குள் பூஞ்சை பிடித்துக் கிடப்பதையும் ஒரு நாள் வெளியே எடுத்துக் காயப்போடுங்கள் ஐயா. காக்கா தூக்கிப் போய்விடும் என்ற பயம் வேண்டாம்; உபயோகப்படும் பொருளைத்தான் அது தூக்கும்.