நூற்றுப் பதினைந்தா, நூற்று நாற்பத்தேழா?

"வாயை இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க. ஆங், அப்படித்தான். இப்ப நீங்களே சொல்லுங்க, நூத்திப் பதினஞ்சா, நூத்தி நாப்பத்தேழா?"

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் "ஆ... ஆ..." என்றார். வாய்க்குள் பஞ்சும், குட்டிக் கண்ணாடியும், பல் டாக்டரின் இரண்டு விரல்களும் இருந்தன. பாவம், அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்?

"அதையேதான் நானும் நெனச்சேன்" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். டாக்டர் பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர். வட்டம் வட்டமாக அச்சடித்த காகிதத்தைத் தொங்கவிட்டு, நடுப்புள்ளியைக் குறிபார்த்துச் சுடுகிற கிளப். பெரிய போட்டிக்கு நாலு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது ஆளைப் பிடிக்க மாசக் கடைசிச் சனி, ஞாயிறில் தேர்வு; இரண்டில் எந்த நாள் வேண்டுமானாலும் வந்து சுடலாம். ஆறு வருஷமாக டாக்டர் அந்த நாலு பேரில் ஐந்தாவது ஆள். இந்தத் தடவையும் போகாவிட்டால் மனிதர் நொந்தே போய்விடுவார்.

குண்டின் எடையை 'கிரெய்ன்' என்ற பொடி அளவில் சொல்வார்கள். 115 லேசு. வேகமாகப் பாயும், ஆனால் கையை வெடுக்கென்று உதறும். 147 கனம். நிதானமாகப் போகும், கைக்கு இதம். நடுவில் 124. வேறு யாராவதாக இருந்தால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு சுடப் போயிருப்பார்கள். டாக்டருக்கு அது ஆகுமா?

முதலில் 115. கை உதறுகிறது என்று 147-க்கு மாறினார். கனமான குண்டு காகிதத்தில் மேலே ஏறிப் பட்டது. திருப்புளியை எடுத்து, குறிபார்க்க உதவும் துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுள்ளைக் கீழே இறக்கினார். பட்டது நடுவில்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ரொம்ப மெதுவாப் போகுதுய்யா. சுட்டுட்டுப் போய் முகம் கழுவிட்டு வரலாம் போல இருக்கு" என்று கிளப்பில் குண்டு விற்கும் ஸ்டோர்க்காரரிடம் புலம்பினார்.

"அப்ப 124 எடுத்துக்குங்க டாக்டர்."

124 எடுத்தார். எல்லாம் கீழே பட்டது. குறிமுள்ளை ஏற்றினார். ஏற்றியது அதிகமாகிப் போனது. குண்டில்தான் கோளாறு என்று மறுபடி 115-க்கு வந்தார்.

மாறும்போதெல்லாம் ஒரு பாதிப் பெட்டி மிச்சமாகும். குண்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கிளப் லாக்கரில்தான் வைக்க வேண்டும். லாக்கர் கதவு மூட மறுத்தது.

"கிளப்புல குடும்ப உறுப்பினர் அட்டை போட்டுக்குங்க, பெரிய லாக்கர் கிடைக்கும்" என்றார் ஸ்டோர்க்காரர். "ரெண்டு பேருக்கும் நம்பர் அதே நாப்பத்தொண்ணுதான். அம்மா ஒரு போட்டோ குடுத்துட்டு, மூணு நாள் பயிற்சிக்கு வந்தாப் போதும்."

டாக்டரின் மனைவி வேண்டாவெறுப்பாகத்தான் பயிற்சிக்குப் போனாள். லாக்கரைத் திறந்து பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, எத்தனை பெட்டி பிரிச்சு வச்சிருக்கீங்க?"

"பதினொண்ணு."

"ஒண்ணையாவது முழுசா முடிச்சீங்களா?"

"எதுவும் சரிப்பட்டு வரலியே."

"வரலேன்னா அப்படியே போட்டுடறதா? நம்ம வீட்டுல ஏதாவது மிச்சத்தை நான் வீணாக்கிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லைதான். பழைய சோப்புத் துண்டு புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து, வழித்த பிறகுதான் குப்பையில் போடுவாள். அதுவும் பல் டாக்டர் வீட்டில்!

"அப்ப நீயே ஏதாவது பண்ணு. தேர்வு முடியற வரைக்கும் என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

"சரி, நான் பாத்துக்கறேன்."

லாக்கரில் பெட்டிகள் குறைய ஆரம்பித்தன. ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுக்கிறாள்போல என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இடம் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் நாலு பெட்டி வாங்கினார்.

ஒரு புதன்கிழமை மனைவி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"மிச்சத்தைத் தீர்த்துட்டு வந்தேன்."

"ம்ம்" என்றார் டாக்டர். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. விரல்கள் மேஜையில் தாளம் போட, கால் தானாக ஆட, வாய் மட்டும் "நாப்பத்தேழு... நாப்பத்தேழு..." என்று முனகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேர்வு. டாக்டர் ஒருவழியாக 147 என்று முடிவெடுத்து, அதற்கேற்பக் குறிமுள்ளை இறக்கி, நிம்மதியாக வந்து நின்றார். பக்கத்தில் நின்ற வக்கீலின் பெட்டியில் அவர் கண் விழுந்தது. தொலைந்தது.

"நீங்க நூத்திப் பதினஞ்சா?"

"அப்படியா?" என்று வக்கீல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "கைக்குக் கெடச்சதை எடுத்துட்டு வந்தேன் சார்."

டாக்டர் தன் 147 பெட்டியை ஓரமாகத் தள்ளினார். ஸ்டோருக்கு ஓடினார். 115 வாங்கி வந்து பத்துக் குண்டு சுட்டார். குறிமுள் 147-க்காக இறக்கி வைத்தது என்பதே நினைவில்லை. பத்தும் கீழே. அடுத்த பத்துக்கு 124. அதற்கடுத்த பத்துக்கு 147. அதற்குள் பதற்றத்தில் திருப்புளியை எந்தப் பக்கம் திருகினாரோ, அவருக்கே தெரியாது. காகிதத்தில் நடுப்புள்ளி மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. மார்க்கைக்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போய்ச் சோபாவில் குப்புறப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம், லாக்கரைக் காலி செய்துவிடலாம் என்று கிளப்புக்கு வந்தார். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது.

நாலாவது இடம்: உறுப்பினர் எண் 41.

மூன்று தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. எதிரே வந்த வக்கீலைக் கட்டிப் பிடித்தார். "பாத்தீங்களா சார்! மூணு எடையையும் கலந்து சுடறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எல்லாருக்கும் அது பிடிபடாது. ஆறு வருஷ உழைப்பு சார்!"

வக்கீல் குறித்துக்கொள்ளக் காகிதம் கிடைக்காமல் கைக்குட்டையை விரித்தார். டாக்டர் கிரெய்ன், வேகம், உதறல் என்று கால் மணி நேரம் விளக்கினார்.

ஸ்டோர்க்காரர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "முடிச்சிட்டீங்களா டாக்டர்? அந்த நாப்பத்தொண்ணு நீங்க இல்ல, உங்க வீட்டு அம்மா. சனிக்கிழமை உங்க மிச்சத்தையெல்லாம் ஒரே டப்பாவுல கொட்டிக் கொண்டுவந்து, தேர்வுலேயே தீர்த்துட்டுப் போனாங்க. போட்டிக்குக் குண்டு பத்தாதாம், இன்னும் ரெண்டு பெட்டியை 'சரிப்பட்டு வரலே'ன்னு உங்களை ஒதுக்கித் தரச் சொன்னாங்க."