வைரத்தை நம்பாத கருவி

'பிளாஸ்டிக் போலத் தெரிகிறது' என்றது கருவியின் திரை.

தி. நகரில் தன் நகைக்கடையின் ஏசிக்கு நேர் கீழே நின்றும் இசக்கிமுத்துவுக்கு முதுகு வியர்த்தது. எதிரே மயிலாப்பூர் வைதேகி மாமி. மேசைமேல், போன மாதம் இதே கடையில் மாமி வாங்கிய வைரத் தோடு.

"பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது அண்ணாச்சி! பிளாஸ்டிக்ங்கறதே?"

"பதறாதீய மாமி. மிஷின் புதுசு, கொஞ்சம் கூச்சப்படுது."

தோட்டைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று கருவியை எடுத்ததே அவர்தான். அது அருமையான கருவி. ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியை அடித்தால், பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறிவிடும். துளியூண்டு ஒளி மட்டும், உள்ளே அணுக்கள் ஆடும் ஆட்டத்துக்கேற்ப நிறம் மாறித் திரும்பும். வைரத்தின் ஆட்டம் வேறு, கண்ணாடியின் ஆட்டம் வேறு. கருவி தன் மூக்கு நுனியைத் தொடும் பொருளின் ஆட்டத்தைப் படித்துப் பெயரைச் சொல்லும்.

"ஒளி பத்தலை போல" என்று இசக்கிமுத்து லேசரைக் கூட்டினார்.

'பிளாஸ்டிக். உறுதி.'

"இப்ப உறுதியாவே சொல்றதே!" மாமியின் குரல் ஏறியது.

இசக்கிமுத்து தன் மாமனார் போட்ட வைர மோதிரத்தைக் கழற்றிக் கருவியின் மூக்கில் வைத்தார். பிளாஸ்டிக்.

"அடப்பாவமே, உங்க மாமனாரும் ஏமாத்திட்டாரா?"

ரோஷம் வந்து, கடையிலேயே விலை உயர்ந்த வைர அட்டிகையை எடுத்து வைத்தார். அதுவும் பிளாஸ்டிக். பக்கத்தில் நெக்லஸ் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த பெண் சத்தமில்லாமல் அதைக் கழற்றி வைத்தாள்.

"அண்ணாச்சி, போதும். இனிமே எதையும் காட்டாதீங்க" என்று காதைக் கடித்தான் விற்பனையாளன் சுரேஷ்குமார்.

இசக்கிமுத்து தன் கட்டைவிரலையே வைத்தார்.

'பிளாஸ்டிக். உறுதி.'

"பாத்தியளா! என் விரலு பிளாஸ்டிக்னா நம்புவியளா?"

"இப்போ உங்களைப் பத்தி எதை வேணா நம்புவேன்" என்று மாமி கைபேசியை எடுத்தாள். "எங்காத்து குரூப்ல போட்டுடறேன். மயிலாப்பூர்லேர்ந்து இனி ஒருத்தர் இந்தப் படி ஏறட்டும், பாக்கறேன்."

"மாமி, மாமி! இந்தப் பாழாப்போன மிஷினை இப்பமே தூக்கிக் குப்பையில போடுதேன்!"

கல்லாவில் இருந்த அவர் மனைவி புஷ்பம் தலை நிமிர்ந்தாள்.

"அதை ஏன் ஏசுதிய? புதுச் சாமான் அழுக்காயிரக் கூடாதுன்னு, டிவி ரிமோட்டுக்குப் போடுத மாதிரி அதோட மூக்குக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி ஒட்டினது நாந்தான். அதைப் பிரிச்சிட்டு வைங்க, வைரம்னு சொல்லும்."