கண்ணாடிக்குள் இறங்க ஹெல்மெட் கட்டாயம்

சமதரையில், ஒன்பதாம் வகுப்பு பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பாதாளத்தில் விழப்போகிறோம் என்று அலறி, பக்கத்திலிருந்த ஹெச்.எம். கழுத்தைக் கட்டிக்கொண்டு அவரையும் சேர்த்துச் சாய்த்த சரித்திர ஆசிரியன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

இந்தப் பெருமைக்குக் காரணமானவர் ஹெல்மெட் சார். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவரைவிட ஜாக்கிரதையான மனிதர் பிறக்கவில்லை, இனிப் பிறக்கவும் வாய்ப்பில்லை. எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சைக்கிளில் வந்தாலும் தலையில் மைன்ஸ்காரர்கள் போடும் மஞ்சள் ஹெல்மெட். கரும்பலகையின் உச்சியில் எழுத ஸ்டூலில் ஏறினால், ஸ்டூலைப் பிடிக்க இரண்டு பேர், அந்த இரண்டு பேரைக் கவனிக்க ஒருவர். குவார்ட்டர்ஸ் பலா மரத்தடியில் நின்று பேசும்போதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்.

"பலா அடிமரத்துலதான சார் காய்ச்சிருக்கு, தலையில எப்படி விழும்?" என்று கேட்டேன்.

"கால்ல விழலாம்ல?"

"அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

"அதுக்குத்தான் பூட்ஸ்" என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே, கண்ணில் மாட்டினால் வேறு உலகம் தெரியும் கண்ணாடிகள். கூடவே, கேட்டதற்குப் பதில் சொல்லி, நம்மையும் கேள்வி கேட்டு மடக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றும் குடியிருந்தது. ஹெச்.எம். பெட்டியைப் பிரிக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஒருத்தருக்கு அடிபட்டாலும் பொட்டியக் கட்டித் திருப்பி அனுப்பிருவேன்."

மற்ற பள்ளிகளில் நிலாவையும் கடலடியையும் காட்டினார்களாம். ஹெல்மெட் சார் மைன்ஸைக் காட்டப்போவதாகச் சொன்னார். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்களுக்கு அங்கேதான் வேலை. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி அன்றைக்கே கேட்டுவிட்டாள். அவள் அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி.

"எங்கப்பா எங்க நின்னுகினு வேல செய்யும்னு தெரியுமா சார் அதுல? கேட்டா 'கீழ'ன்னு மட்டும்தான் சொல்லும்."

ஹெல்மெட் சார் மைன்ஸில் இன்ஜினியராக இருந்த ஒருவரைப் பிடித்து, முறைப்படி அனுமதி வாங்கவைத்து, சுரங்கத்தின் நடுத்தட்டிலிருந்து நாலாபக்கமும் தெரியும்படி வீடியோ எடுத்து வாங்கினார்.

அத்தோடு விட்டாரா? கண்ணாடிக்குள் இருந்தாலும் சுரங்கம் சுரங்கம்தானே. சுரங்க வாசலில் இருப்பதுபோலவே வகுப்பு வாசலில் டோக்கன் பலகை முளைத்தது. உள்ளே போகிறவர் டோக்கன் மாட்ட வேண்டும். தலையில் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க இன்னொரு பிள்ளை, அப்புறம் பாதுகாப்பு உறுதிமொழி. இவ்வளவும் முடிவதற்குள் பெல் அடித்துவிடும். முதல் வாரம் ஒரு பிள்ளையும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. உறுதிமொழி மட்டும் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்.

செயற்கை நுண்ணறிவும் தப்பவில்லை.

"ஹெல்மெட் போட்டிருக்கியா?" என்று அதனிடம் கேட்டார்.

"மன்னிக்கவும், கேள்வி புரியவில்லை" என்றது அது.

"புரியாம உள்ள வர்றவன்தான் மொதல்ல அடிபடுவான். வெளிய நில்லு" என்று அணைத்துவிட்டார். பிள்ளைகள் சிபாரிசு செய்த பிறகு, 'விசிட்டர்' என்று அட்டை எழுதி ஒட்டி அனுமதித்தார். விசிட்டர் தானாகப் பேசக் கூடாது. பீரியட் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த செயற்கை நுண்ணறிவை எங்கள் பள்ளியில்தான் பார்த்திருக்க முடியும்.

ஹெச்.எம். பொறுமை இழந்து ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். "இன்னிக்கு என் கண் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா வேற ஸ்கூலுக்குக் குடுத்துருவேன்."

செல்வியின் முகம் சுருங்கியது. நானே மாட்டிக் காட்டுகிறேன் என்று பெட்டியைக் காப்பாற்றக் கிளம்பினேன்.

"டோக்கன் மாட்டுங்க சார்" என்றார் ஹெல்மெட் சார்.

"க்ளாஸ் ரூம் சார் இது. எங்க விழப்போறேன்?"

ஹெல்மெட்டையும் மறுத்தேன், தலைமுடி கலைந்துவிடுமாம். அந்தத் தலையில் கலைய என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

கண்ணாடியை மாட்டிய அடுத்த நொடி மண்தட்டின் விளிம்பில் நிற்கிறேன். எதிரே மாடி வீட்டைவிடப் பெரிய சக்கரம் ஒன்று, விளிம்பெல்லாம் வாளிகளோடு, மண்ணை வாரிக்கொண்டு சுற்றுகிறது. ஓரடி பின்னால் வைத்து, கீழே பார்த்தேன். மீதியை முதல் பாராவிலேயே சொல்லிவிட்டேன்.

ஹெச்.எம். நெற்றி பெஞ்சில் இடித்து எலுமிச்சம்பழம்போல வீங்கியது. ஒருத்தருக்கு அடிபட்டாயிற்று, பெட்டி திரும்பப்போகிறது. செல்வி பார்த்த பார்வையில், நான் நிஜமாகவே அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஹெல்மெட் போட்டிருந்தா இது வந்திருக்காதுல்ல?" என்று நெற்றியைத் தடவினார் ஹெச்.எம்.

"கயிறு கட்டியிருந்தா இவரே உங்க மேல வந்திருக்க மாட்டார் சார்" என்றார் ஹெல்மெட் சார்.

ஹெச்.எம். வாசலில் இருந்த டோக்கன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "பொட்டி இருக்கட்டும். புள்ளைங்க உங்க ரூல்ஸ்படியே பாக்கட்டும். இவர மட்டும் உள்ள விடாதீங்க."

செல்வி டோக்கன் மாட்டி, ஹெல்மெட் போட்டு, கயிறு கட்டி, உறுதிமொழி சொல்லி இறங்கினாள். பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பா இவ்ளோ கீழயா சார்?" என்று குனிந்து கேட்டாள்.

ஹெல்மெட் சார் தோழியிடமிருந்து கயிற்றை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். "வலது பக்கம் திரும்பும்மா. மண் ரோடு ஒண்ணு மேல ஏறுதா?"

"ஏறுது சார்."

"ஷிப்ட் முடிஞ்சா அப்பா அந்த வழியாத்தான் ஏறி வருவார்."

அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

பிள்ளைகள் போன பிறகு கயிறுகளைச் சுருட்டிக் கொடுத்தேன். அந்த வீடியோவைக் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, எந்த அப்பா எங்கே நிற்பார், எப்படி ஏறுவார் என்று விசாரித்து வைத்திருந்த மனிதர், ஒருநாள்கூடக் கண்ணாடியை மாட்டி நான் பார்த்ததில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க ஒரு தடவை எறங்கிப் பாருங்களேன் சார். கயித்த நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்" என்றேன். வாழ்க்கையில் கிண்டலே இல்லாமல் நான் பேசிய சில வாக்கியங்களில் அது ஒன்று.

அவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"எனக்குப் பயம் சார்."