எஞ்சினுக்குக் கயிறு சுற்றிய கதை

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மடையன். மற்ற மடையர்கள் சும்மா இருந்தாவது பிழைத்துக்கொள்வார்கள். எனக்குச் சும்மா இருக்கவும் வராது. "கொஞ்சம் பொறு" என்று யாராவது சொன்னால் போதும், கால் இரண்டும் தானாக ஆடத் தொடங்கிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் கல்யாணத்தின்போது, இந்தக் கோளாறு உச்சத்தில் இருந்தது.

அப்போது நாகர்கோவிலில் நான் கணக்கு வாத்தியார். பெண் சிதறால் பக்கம். அவள் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நிச்சயத்தன்றே பைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "காலத்த பத்து மணிக்கு மாப்பிள சர்ச்சுக்குள்ள நிக்கணும். மணி அடிச்ச பெறவு வந்தா கல்யாணம் இல்ல." (மனுஷர் சொன்னால் செய்வார். மூத்த பெண்ணுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பியவர்.)

பேசாமல் பஸ்ஸில் போயிருக்கலாம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் போனார்கள். நான் காரில் போய் இறங்க ஆசைப்பட்டேன். என் அக்கா புருஷன் செல்லையா அத்தானிடம், மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு, மிதித்தால் பறக்கும். ஆனால் ஏழு மைலுக்கு ஒருதரம் படுத்துவிடும். பானெட்டுக்குள் அவ்வளவு சூடு. புகைக்குழாயை ஒட்டியே பெட்ரோல் குழாய் போனதால், பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடும். அரை மணி ஆறவிட்டால்தான் மறுபடி கிளம்பும். சிதறாலோ இருபது மைலுக்கு மேல். கணக்கு வாத்தியாருக்குச் சொல்லவா வேண்டும்?

கோட்டாற்றில் மைதீன் மேஸ்திரி பானெட்டைத் திறந்து பார்த்தார். "ரெண்டு நாளு வண்டிய விட்டுட்டுப் போவும் வாத்தியாரே. பெட்ரோல் குழாய அந்தப் பக்கம் மாத்தி, நடுவில ஒரு தகரம் அடிச்சுத் தாறேன்."

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. தாராளமான நேரம். நான் பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன், இன்னும் ஆகவில்லையா என்று ஆறு தடவை கேட்டேன். ஏழாவது தடவை மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒமக்கு எஞ்சின விட ஒடம்புல சூடு கூடுதல். வண்டிய எடுத்துட்டுப் போவும்."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ஒரு யோசனை. சுடுசோற்றுப் பானையைக் கயிற்றுப் பிரிமணையில் இறக்கினால் தரை சுடுகிறதா? இல்லை. ஆகவே புகைக்குழாயைக் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிவிட்டால் சூடு வெளியே வராது. (இதில் தப்பே இல்லை. தப்பு கயிற்றில் இருந்தது.) எங்கள் பின்கட்டில், குளச்சலிலிருந்து வாழையை இழுத்துக்கட்ட வாங்கிவந்த பழைய மீன்பிடி வள்ளத்துக் கயிறு கிடந்தது. வள்ளத்துக்கு மத்தி மீன் எண்ணெய் பூசுவார்கள், அந்தக் கயிறு வருஷக்கணக்காக அதில் ஊறியது என்பதெல்லாம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நினைக்கத்தான் நேரமில்லை. முகர்ந்தேன், கடற்கரைக் கயிறு கடற்கரை வாசம்தானே அடிக்கும் என்று சுற்றிவிட்டேன்.

கல்யாணக் காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டியது, அத்தான் அலங்காரம் முடிய ஒன்பதேகால் ஆகிவிட்டது. நான் ஓட்ட, கோட்டும் தொப்பியுமாக அத்தான் பக்கத்தில். ஏழு மைல் தாண்டியது, எட்டு தாண்டியது, வண்டி நிற்கவே இல்லை! நான் பாடத் தொடங்கினேன்.

வில்லுக்குறி தாண்டும்போது அத்தான் மூக்கை உறிஞ்சினார். "யாரோ மத்தி பொரிக்கா."

தக்கலையில் மறுபடி உறிஞ்சினார். "இங்கயும் மத்தியாலே?"

மத்தி பொரிக்கிறவர் நாற்பது மைல் வேகத்தில் எங்கள் கூடவே வருகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பானெட் இடுக்கிலிருந்து நீலப்புகை.

"ஏலே, நிறுத்துலே! எரியுது!"

"நிறுத்தினா மணி பத்து ஆயிரும் அத்தான்!"

"நிறுத்தாட்டா நாம கரி ஆயிருவோம்!"

நிறுத்தவில்லை. பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில், சர்ச் வாசலில் பானெட்டிலிருந்து தீ எட்டிப் பார்க்க, போய் நின்றோம். அத்தான் குதித்து மண்ணை வாரிப் போட்டார். நான் ஓடினேன். போதகர் வீட்டுப் பூனைகள் மூன்று என் பின்னால் ஓடிவந்தன. நான் பீடத்தின் முன் நின்றதும் மணி அடித்தது; பூனைகளும் வரிசையாக உட்கார்ந்தன.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "நேரத்துக்கு வந்துட்டீரு. அதனால ஒண்ணும் சொல்ல முடியல்ல." அந்த மனுஷரின் வாழ்நாள் துக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

போதகர் நாலு தும்மலோடு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். சபையார் பிறகு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டு அடுப்பில் மத்தி பொரிந்தாலும், "மாப்பிள வந்தாச்சு, கதவத் தொறங்க" என்று ஒரு குரல் கேட்கும். என் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. தாலி கட்டி முடித்ததும், அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத பெண்ணிடம், முக்காட்டுப் பக்கம் குனிந்து, வெட்கத்தோடு கேட்டேன்: "ரொம்ப நாறுதா?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"எனக்குப் பசிக்குது."