முக்கால்

பொம்மிடியைச் சுற்றி இறந்துபோனவர்கள் எல்லோரும் குள்ளமானவர்கள். சுவர்களில் அப்படித்தான் இருக்கிறார்கள். காரணம், நான் டிசைனராக வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடையின் முதலாளி. ஊர் அவருக்கு வைத்த பெயர் முக்கால்.

உயிரோடு இருப்பவர்களை ஐம்பது அடிக்குக்கூட அடித்துக் கொடுப்பார். இறந்தவர் படம் என்றால் நிஜ அளவில் முக்கால்தான். அழுதாலும் ஒரு நூல் கூட்டமாட்டார். முழு அளவில் அடித்து இடவலம் புரட்டிவிட்டால் வேறு படம் ஆகிவிடாதா என்று ஒருவர் சாமர்த்தியமாகக் கேட்டார்.

"பொரட்டுங்க, சுத்துங்க, தள்ளி வைங்க, அது சர்வசமந்தாங்க. சுருக்கினாத்தான் வெறும் வடிவொத்தது. சர்வசமமா ஒண்ணு நின்னா, போனவங்க நம்ம எடம்னு வந்து நின்னுக்குவாங்க" என்றார். பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்று முறை எழுதியவர். இந்தப் பாடத்தை மட்டும் இப்படிப் படித்திருந்தார்.

கம்பைநல்லூர் அக்கா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு இறந்த கணவரின் கட்-அவுட் கேட்டு வந்தார். மேடையில் அப்பா அதே உயரத்தில் நிற்க வேண்டுமென்று மகளுக்கு ஆசை. முக்கால் மறுத்துவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் நானே முழு அளவில் அடித்துக் கொடுத்தேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு மாதம் கழித்து மகள் பயந்துபோய்க் கடைக்கு வந்தாள். அம்மா அட்டைக்கு அப்பாவின் சட்டையை மாட்டியிருக்கிறாளாம், அளவு கச்சிதமாம். தினமும் அதற்கு இலை போடுகிறாளாம். பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாளாம். அப்பா போனதிலிருந்து ஒரு சொட்டுக்கூட அழவில்லையாம்.

"வூட்டுக்குள்ள போனதும் என்னையறியாம டிவி சத்தத்தக் கொறச்சிடறேங்கண்ணா" என்றாள்.

முக்கால் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முக்கால் அளவில் இன்னொன்று அடித்து, பட்டப்பகலில் இருவரும் கொண்டுபோனோம். பழையது வெறும் அட்டைதான். ஆனாலும் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. வெயில் காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா சின்ன உருவத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது அவரு இல்ல. அவரு போயிட்டாரு."

பிறகு வாய்விட்டு அழுதார். அழுது முடிக்கும்வரை முக்கால் வாசலிலேயே நின்றார்.

போன மாதம் முக்காலும் போய்விட்டார். படம் நான்தான் அடித்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்து அளந்து, ஒரு நூல் பிசகாமல் முழு அளவில் அடித்து, அவர் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டாத திட்டை வந்து திட்டட்டும்.